இருபத்துநான்கில் ஒரு பங்கு

நவராத்திரி நாட்களில் நம்மவர் இல்லங்களில், கொலுப் படிகளின் அடியில் சிறுவர்கள் அமைக்கும் பூங்காவை நேயர்கள் கண்டிருப்பீர்கள். முளைவிட்ட கேழ்வரகு வயல், கண்ணாடித் துண்டால் ஆன குளம், குளக்கரையில் ஒரு கோயில், கோயிலைக் காட்டிலும் பெரிய செட்டியார் பொம்மை, அவருடைய காலடியில் அவர் கையளவே உள்ள ஒரு தகரக் கார். இந்தப் பொருத்தமின்மை எவருடைய கண்ணையும் உறுத்துவதில்லை. கொலுவின் நியாயம் வேறு. அங்கே ஒவ்வொரு பொம்மையும் தன்னளவில் முழுமையானது. ஆனால் அதே தகரக் காரைக் கையில் எடுத்து, 'இஃது இன்ன ஆண்டில் இன்ன ஆலையில் உருவான இன்ன காரின் உருவம்' என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், அக்கணமே வேறொரு சட்டம் வந்து புகுந்துவிடுகிறது. நீளம் எத்தனை பங்கு குறைந்ததோ அத்தனை பங்கு அகலமும் உயரமும் குறைய வேண்டும். சக்கரமும், கதவின் கைப்பிடியும், கண்ணாடியைத் துடைக்கும் கம்பியும் அவ்வாறே குறைய வேண்டும். இச்சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யப்படும் உருவத்தையே அளவு மாதிரி என்கிறோம்.

பிளாஸ்டிக் உறுப்புகளாகப் பெட்டியில் அடைத்து விற்கப்படுவதும், வாங்கியவர் தாமே ஒட்டி வண்ணம் பூசி முடிக்க வேண்டியதுமான மாதிரிக் கார்களைப் பற்றி இங்கே சில சொல்ல விரும்புகிறேன். 'கிட்' என்பது இப்பெட்டிக்கு எங்கும் வழங்கும் பெயர். பாலிஸ்டைரின் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி எஃகு அச்சுக்குள் பாய்ச்சி வார்க்கும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவியதன் பயனாகவே இவை பெருகின. அமெரிக்காவில் ரெவெல் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் பழங்காலக் கார்களின் சிறு கிட்களை வெளியிட்டது. 1948-இல் தோன்றிய ஏ.எம்.டி. நிறுவனம், கார் விற்பனையாளர்கள் தம் மேசையில் வைத்து வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டுவதற்கென 1/25 அளவில் முழு மாதிரிகளை முதலில் செய்து கொடுத்தது; கிட்களை விற்க முற்பட்டது 1958-இல்தான். ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் மர வியாபாரத்திலிருந்து மர மாதிரிகளுக்கும், அங்கிருந்து 1960-இல் பிளாஸ்டிக்குக்கும் வந்து சேர்ந்தது. அந்நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 என்னும் பந்தயக் காரை 1/12 அளவில் வெளியிட்டபோது, அதற்காக ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தார்கள் என்பது இத்துறையில் பெயர்பெற்ற செய்தி. படத்தைப் பார்த்துச் செய்தால் போதாதா என்று கேட்போருக்கு இதைக் காட்டிலும் நல்ல விடை இல்லை.

கார் மாதிரிகளில் பெருவழக்காக உள்ளவை 1/24, 1/25 என்னும் இரண்டு அளவுகள். ஓர் அடியை அரை அங்குலமாகக் குறைத்தால் 1/24 கிடைக்கும். இரண்டுக்கும் அப்படி என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். நான்கு மீட்டர் நீளமுள்ள கார் ஓர் அளவில் 167 மில்லிமீட்டர். மற்றதில் 160 மில்லிமீட்டர். அருகருகே நிறுத்தினால் ஒன்று மற்றொன்றின் தம்பி போலத் தோன்றும். ஒன்றின் சக்கரத்தை எடுத்து மற்றொன்றில் மாட்டினாலோ, காரணம் சொல்லத் தெரியாதவரும் 'ஏதோ சரியாக இல்லையே' என்பார்.

பொதுவாகப் பேசுவதினும் ஒரு காரை முன்னால் நிறுத்திக்கொண்டு பேசுவது நலம். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டிலை, அதிலும் 1966-ஆம் ஆண்டு மாதிரியான 1300 என்னும் வகையை எடுத்துக்கொள்வோம். தமியா நிறுவனம் இதனை 1/24 அளவில் கிட்டாக வெளியிட்டிருக்கிறது. வண்டின் முதுகு போன்ற கூரையும், பின்னால் எஞ்சினும், முன்னால் பெட்டி வைக்கும் அறையும் உடைய இந்தக் கார், மெக்சிகோ நாட்டின் புவெப்லா ஆலையிலிருந்து 2003-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் கடைசி வண்டி வெளிவரும்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேலாக உற்பத்தியாயிற்று. 1966-ஆம் ஆண்டு வண்டியின் நீளம் 4,070 மில்லிமீட்டர், அகலம் 1,540, உயரம் 1,500, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 2,400. இவற்றை 24-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 170, 64, 62.5, 100 என்று வரும். அச்சிடைத் தூரம் சரியாக 100 என வருவது தற்செயலே. ஆயினும் மகனுடைய பள்ளிக்கூட அளவுகோலைக் கொண்டே சோதித்துக்கொள்ளலாம் என்பது ஒரு சௌகரியம்.

நீள அகலங்களைக் கிட் செய்பவரே பார்த்துக்கொள்கிறார். தொல்லை தொடங்குவது கனத்தில். உண்மைக் காரின் உடல், ஒரு மில்லிமீட்டரும் தேறாத எஃகுத் தகட்டால் ஆனது. அதனை 24-ஆல் வகுத்தால் சிகரெட் பெட்டியின் உள்ளே இருக்கும் ஈயத்தாளை ஒத்த மென்மை வந்துவிடும். அத்தனை மெல்லியதாகப் பிளாஸ்டிக்கை வார்க்கவும் இயலாது. வார்த்தாலும் கையில் நில்லாது. ஆகவே மாதிரியின் உடல் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கனத்துடன் வருகிறது. அதை மீண்டும் 24-ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய ஓர் அங்குலக் கனமுள்ள இரும்புப் பாளத்தால் செய்த கார்! கதவுக்கும் உடலுக்கும் இடையே உண்மையில் 4 அல்லது 5 மில்லிமீட்டர் சந்து இருக்குமானால், மாதிரியில் அது 0.2 மில்லிமீட்டர். வண்ணப் பூச்சின் கதையோ இன்னும் வேடிக்கையானது. ஆலையில் பூசும் வண்ணம் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் நிற்கும். நாம் மாதிரியின் மேல் பிரைமர், நிறம், மேற்பூச்சு என்று அடுக்கி அதே பத்தில் ஒரு மில்லிமீட்டரை எட்டிவிட்டால், உண்மைக் காரின் மேல் இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சுண்ணாம்பு அடித்ததற்கு ஒப்பாகும். முதன்முதலாகச் செய்த மாதிரிகள் பல, உறுப்புகள் எல்லாம் சரியாக இருந்தும், சர்க்கரைப் பாகில் தோய்த்து எடுத்தவை போலத் தோன்றுவதன் காரணம் இதுவே.

ஆகவே ஒரு மாதிரியை நம்பத் தக்கதாக ஆக்குவது அதில் சேர்க்கப்பட்ட உறுப்புகளின் தொகை அன்று. எந்த இடத்தில் விகிதம் மீறப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடித்து, மீறலைக் கண்ணுக்கு மறைப்பதே செய்பவரின் வேலை. எங்கள் மொழிபெயர்ப்புத் தொழிலிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. சொல்லுக்குச் சொல் நிறுத்துப் போட்ட மொழிபெயர்ப்பு, ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தும், மூலத்தைப் போல் ஒலிப்பதில்லை. எங்கோ ஓரிடத்தில் கனம் கூடியிருக்கும். அலுவலகக் கோப்பில் அதை மன்னித்துவிடுவார்கள். காரை மன்னிக்க மாட்டார்கள். அதைத் தெருவில் பார்த்த கண் ஒவ்வொருவருக்கும் இருக்கிறதல்லவா?

மீறலை மறைப்பதற்கு வழி, விளிம்புகளை மெலிதாக்குவது. உடலின் நடுப்பகுதி எத்தனை கனமாக இருந்தாலும் வெளியிலிருந்து தெரிவதில்லை. விளிம்பு தெரியும். மட்கார்டின் வளைவுக்குக் கீழே, கதவுச் சன்னலின் சட்டத்தில், பானெட் திறந்திருக்குமானால் அதன் ஓரத்தில், உட்புறமாக அரத்தாலும் உப்புத்தாளாலும் சாய்வாகத் தேய்த்து, கத்தி முனைபோல் ஆக்கிவிட்டால் முழு உடலுமே தகடாகத் தோன்றும். கதவுச் சந்துகளை, பிரைமர் போடுவதற்கு முன்னரே, ஊசி முனையாலோ கத்தியின் முதுகாலோ மெல்ல மெல்லக் கீறி ஆழப்படுத்த வேண்டும். அகலப்படுத்துவது கூடாது. ஆழமான சந்து தானே நிழலைப் பிடித்துக்கொள்ளும். வண்ணத்தால் தூர்ந்து போகாது. பீட்டிலின் மட்கார்டுகள் உடலோடு போல்ட்டால் இணைக்கப்பட்டவை. இணைப்பில் ஒரு மெல்லிய நாடா நெடுகிலும் தெரியும். அந்த நாடாவைக் கூராக நிறுத்தினாலே பார்ப்பவர் பாதி ஏமாந்துவிடுவார்.

இனி வேலையின் முறை. பெட்டியைத் திறந்ததும் உறுப்புகள் சட்டங்களில் கோத்தவாறு இருக்கும். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகச் சில வேளைகளில் எண்ணெய்ப் பசை கொண்ட ஒரு பொருள் அச்சில் பூசப்படுவதுண்டு. அது ஒட்டிக்கொண்டிருந்தால் வண்ணம் பிடிக்காது. ஆதலால் சட்டத்தோடு வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி உலர்த்துவது முதல் வேலை. உறுப்பைக் கையால் திருகிப் பிடுங்குதல் ஆகாது. கூரிய வெட்டும் குறடால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவ வேண்டும். அச்சின் இரு பாதிகள் சந்தித்த இடத்தில் மயிரிழை போன்ற ஒரு வரம்பு, கூரையிலும் தூண்களிலும் ஓடும். வெண்ணிறப் பிளாஸ்டிக்கில் அது தென்படாது. பளபளக்கும் வண்ணம் பூசிய மறுகணம் வடு போல எழுந்து நிற்கும். கனமான பகுதிகள் ஆறும்போது உள்வாங்கிய சிறு குழிகளும் இருக்கும். அவற்றுக்குப் பட்டி போட்டு அடைத்து 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்கலாம். ஒட்டுமுன் எல்லா உறுப்புகளையும் நாடாவால் கட்டி ஒருமுறை முழுக்காராகப் பொருத்திப் பார்த்துவிடுவதை நான் வற்புறுத்துவேன். உடல், சாஸி, உள்ளறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எங்கே இடிக்கின்றன என்பது அப்போதே தெரிந்துவிடும். வண்ணம் பூசிய பின் தெரிந்து பயனில்லை.

ஒட்டும் திரவத்தைப் பற்றி ஒரு சொல். அது கோந்து அன்று. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கி, இரு உறுப்புகளையும் ஒன்றாகக் கலக்கச் செய்து, பின் தான் ஆவியாகிப் போய்விடும் கரைப்பான். இரண்டு உறுப்புகளையும் சேர்த்துப் பிடித்து, சந்தில் தூரிகை நுனியால் ஒரு துளி தொட்டால் போதும். நுண்துளை வழியே தானே ஓடிப் பரவும். அதிகம் வைத்தால் உறுப்பே உருகும். கண்ணாடி உறுப்புகளுக்கு இதுவும் ஆகாது. நொடியில் பிடிக்கும் சயனோஅக்ரிலேட் பசையும் ஆகாது, அதன் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கின் மேல் பனிபோல் படிந்துவிடும். குழந்தைகள் காகிதம் ஒட்டும் வெண்பசையே அங்குப் போதுமானது. உலர்ந்தால் நிறமற்றதாகிவிடும், தவறினால் ஈரத்துணியால் துடைத்தும் விடலாம்.

வண்ணம் பூசுவதில் நம் போன்று வெளி மாநிலங்களில் வாழ்வோர் அவ்வவ்விடத்துப் பருவத்தை அறிந்து நடக்க வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகள் அவர்கள் நாட்டுக் குளிரையும் வறட்சியையும் நினைத்து எழுதப்பட்டவை. மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஆடி ஆவணி மாதங்களில் லாக்கர் வண்ணத்தைத் தெளித்தால், பளபளப்பு மறைந்து பால் தெளித்தாற்போல் வெண்படலம் படர்வதைக் காணலாம். கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பைக் குளிர்வித்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே நீர்த்துளியாகப் படிந்து வண்ணத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் புறத்தே முத்து முத்தாக நீர் அரும்புவதும் இதே காரணத்தால்தான். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலப்பது ஒரு வழி. மழை ஓய்ந்த நாளுக்குக் காத்திருப்பது அதைவிடச் சிறந்த வழி. தில்லியில் இடையூறு வேறு விதம். மே, ஜூனில் 'ஆந்தி' என்று இவ்வூரார் சொல்லும் புழுதிக் காற்று, ஈர வண்ணத்தின் மேல் மணலை வாரிப் போட்டுவிடும். தை மாதக் குளிரிலோ தெளிப்பு டப்பாவின் அழுத்தம் குறைந்து, வண்ணம் பொடிப்பொடியாக விழாமல் சொட்டுச் சொட்டாக விழும். டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் சரியாகும். அடுப்பில் வைத்துச் சூடாக்க நினைப்பது உயிருக்கே உலை வைப்பது.

முதலில் பிரைமர். அது சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருப்பதால், தேய்க்கத் தவறிய கீறல்களை எல்லாம் காட்டிக்கொடுக்கும். அதன்மேல் நிறத்தை மூன்று நான்கு மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் சற்று உலரவிட்டுத் தெளிக்க வேண்டும். பீட்டில் முழுவதும் வளைவாலான கார்; ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளிப் பள்ளங்கள் ஏற்பட்டால் கூரையில் விழும் விளக்கின் பிம்பமே கலைந்து தெரியும். மேற்பூச்சு நன்கு உலர்ந்தபின் 2000-க்கும் மேற்பட்ட நுண்ணிய தாள்களால் நீர்விட்டு வருடி, மெருகுக் களிம்பால் துடைத்தெடுத்தால் அக்குறை நீங்கும். பூச்சின் கனமும் சற்றுக் குறையும். நிறத்திலும் விகிதம் உண்டு. சிறிய பரப்பில் நிறம் அதன் இயல்பைவிட அடர்ந்து காணும். அதனால் இம்மியளவு வெண்மை கலப்பவர் பலர். உலோகத் துகள் கலந்த நிறங்களில் எச்சரிக்கை வேண்டும். கார்ப் பட்டறையில் கிடைக்கும் வண்ணத்தில் ஒரு துகள் 40 மைக்ரான் என்று கொண்டால், மாதிரியின் மேல் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஜிகினாவாக மின்னும். நல்ல வேளையாக 1966-ஆம் ஆண்டுப் பீட்டிலுக்குத் துகளற்ற வெறும் நிறங்களே பொருத்தமாகிவிடும்.

இங்கே சற்று நின்று, மற்ற எல்லாவற்றையும்விட முதன்மையான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மில் பலர் வாழ்வது ஓரறை ஈரறை வீடுகளில். சமைப்பதும் படிப்பதும் குழந்தை உறங்குவதும் அதே இடத்தில். லாக்கர் தின்னரின் ஆவி தலைவலி தரும், நாளடைவில் நரம்பையும் கல்லீரலையும் தாக்கும், தீப்பற்றிக்கொள்ளும். முகத்தில் துணியைக் கட்டிக்கொள்வது தூசியைத் தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கரி அடைத்த குப்பிகள் பொருத்திய முகமூடியே வேண்டும். இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் யூரித்தேன் மேற்பூச்சு கண்ணாடி போல் மின்னும் என்று பலர் புகழ்கின்றனர். அதன் கெட்டியாக்கும் திரவத்தில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. தெளிக்கும்போது அதை மூச்சில் வாங்கினால் ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமல் போய்விட்டால் பின்பு சிறிதளவே போதும், மூச்சு முட்ட. வெளிக்காற்றுடன் இணைந்த தகுந்த சாதனம் இல்லாத வீட்டில் அதை வாங்காதிருப்பதே விவேகம். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்கள் இன்று நன்றாகவே கிடைக்கின்றன. பளபளப்பில் இரண்டு பங்கு குறைந்தாலும் பாதகமில்லை. திறந்த மாடியில், அண்டை வீட்டார் துணி உலர்த்தாத வேளையில், அவற்றைத் தெளித்துக்கொள்ளலாம்.

பம்பர், விளக்கு வளையம், சன்னல் ஓரக் கோடு முதலிய குரோமியப் பகுதிகளைச் சில கிட்களில் முலாம் பூசியே தருகிறார்கள். அந்த முலாம் பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சிய மினுக்கம் உடையது. வரம்புக் கோடுகளையும் மறைத்திருக்கும். துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறவைத்தால் அது கரைந்து வந்துவிடும். பின் உறுப்பைச் செம்மை செய்து, கறுப்புப் பளபளப்பின் மேல் உலோக வண்ணத்தை மெலிதாகத் தெளிக்கலாம். உடலோடு ஒட்டிய மெல்லிய கோடுகளுக்கு, பின்புறம் பசையுள்ள மிக நுண்ணிய உலோகத் தாள் ஒன்று விற்கிறார்கள். அதைப் பரப்பில் ஒட்டி, பஞ்சால் அழுத்தி, புதிய கத்தியால் இருபுறமும் வெட்டி உரித்துவிட்டால், தூரிகையால் ஒருநாளும் வாராத நேர்க்கோடு கிடைக்கும். கத்தி புதியதாக இருத்தல் வேண்டும் என்பதைக் கஞ்சத்தனத்தால் மறப்போர் உண்டு. எழுத்து, சின்னம், எண் பலகை ஆகியவை நீர் ஒட்டுப் படங்களாக வரும். வளைவில் படியாமல் நிமிர்ந்து நின்றால், சமையலறை வினிகரை நீர் கலந்து மேலே தொட்டு வைக்கச் சற்று இளகிப் படியும்.

இனி நுணுக்க வேலை. இதில்தான் ஆர்வம் அறிவை முந்திக்கொண்டு ஓடுகிறது. கார் என்றால் உள்ளே கம்பளம் இருக்க வேண்டும் என்று நினைத்து, தரை முழுவதும் வெல்வெட்டுப் பொடியைத் தூவி அழகு பார்ப்பார்கள். 1966-ஆம் ஆண்டுப் பீட்டிலின் தரையிலோ இருந்தது ரப்பர் விரிப்பு. அதற்கு வேண்டியது மங்கிய கறுஞ்சாம்பல் வண்ணம் ஒன்றே. அதன் டாஷ்போர்டு மரமும் அன்று, தோலும் அன்று. உடலின் நிறத்திலேயே பூசிய உலோகத் தகடு. அதைக் கறுப்பாகப் பூசிவிட்டால் எத்தனை உழைத்தும் கார் வேறு ஆண்டுக்கு ஓடிப்போய்விடும். முகப்பு விளக்குகள் சரிந்த கண்ணாடிக்குள் பதிந்திருக்கும். நிமிர்ந்த விளக்குகள் வந்தது 1967-இல்தான். எஞ்சினைக் காட்டும் கிட்டாக இருந்தால், தண்ணீரால் குளிரும் கார்களின் ரப்பர்க் குழாய்களை இங்கே தேடக் கூடாது. இது காற்றால் குளிரும் எஞ்சின், 1,285 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. நான்கு சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். டைனமோவின் அச்சிலேயே விசிறியும் பொருந்தியிருக்கும். இரண்டையும் சுழற்றுவது ஒரே பெல்ட்டு. பொறி தரும் மின்கம்பி உண்மையில் 7 மில்லிமீட்டர் பருமன், நமக்கு 0.3 மில்லிமீட்டர் கம்பி வேண்டும். கையில் கிடைத்த தடித்த தையல் நூலைச் செருகினால், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயை எஞ்சினில் கட்டியது போலாகும். சரியான பருமனில் ஐந்தே கம்பிகள், நான்கு பிளக்குகளுக்கும் நடுவே காயிலுக்கும், போதும். சரியான பருமனில் கிடைக்காவிட்டால் ஒன்றும் செருகாமல் விடுவதே மேல் என்பது என் கருத்து. இல்லாததைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும், தடித்திருப்பதை மன்னிக்காது.

நிற்கும் நிலையும் ஒரு நுணுக்கமே. கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் சாஸியை வைத்து, நான்கு சக்கரங்களும் ஒருங்கே தொடுகின்றனவா என்று பசை உலரும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். 5.60-15 என்ற டயரின் வெளி விட்டம் நம் அளவில் சுமார் 27 மில்லிமீட்டர். உள்ளிருக்கும் வளையம் 16. புத்தம்புது டயர் கறுப்பாகப் பளபளக்கும். தெருவில் ஓடிய டயர் அப்படி இராது. தரையைத் தொடும் பட்டையை உப்புத்தாளில் ஒரு சுற்று உருட்டி எடுத்தால் போதும்.

எந்த ஆண்டு, எந்த நாட்டுச் சந்தைக்கு வந்த கார் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அதன் படங்களைத் திரட்டிய பின்பே பெட்டியைத் திறப்பது நல்லது. தில்லிப் பக்கத்தில் வாழ்வோருக்கு, ஹரியானாவின் தாவுரு என்னுமிடத்தில் 2013-இல் திறக்கப்பட்ட பாரம்பரியப் போக்குவரத்து அருங்காட்சியகம் ஒரு நாள் பயணத்தில் எட்டும். பழைய வண்டிகளைச் சுற்றிவந்து பார்க்கலாம். படம் எடுக்கும்போது முழு வண்டியை எல்லோரும் எடுப்பார்கள். நமக்கு வேண்டியவை கதவின் கீல், மழைநீர் வடியும் விளிம்பு, பம்பரைத் தாங்கும் கரம், அடிப்பாகத்தின் நிறம். எடுக்கும் பொருளின் அருகே ஓர் அளவுகோலைப் பிடித்து எடுத்தால், வீட்டில் அமர்ந்து வகுத்துக்கொள்ளலாம்.

இப்படிச் சொல்லும்போது நம் தெருக்களில் ஓடிய கார்கள் நினைவுக்கு வருகின்றன. கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. மும்பையில் கறுப்பு உடலும் மஞ்சள் கூரையுமாக ஓடிய பிரிமியர் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு விடைபெற்றன. தாதர் ரயில் நிலையத்தில் இறங்கி, கூரைக் கம்பிகளின் மேல் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாதுங்காவுக்கோ செம்பூருக்கோ சென்ற தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! அந்த வண்டியின் இடப்புறத்தில் வெளியே பொருத்தியிருந்த மீட்டர், கூரைமேல் இருந்த சாமான் சட்டம், ஓட்டுநர் தம் விருப்பப்படி தைத்துப் போட்ட இருக்கை உறைகள், இவை எந்த ஆலையின் வரைபடத்திலும் இரா. ஆலைக்குப் பின் தெருவில் சேர்ந்தவை அவை. ஒருவர் அத்தகைய டாக்ஸியை அளவு மாதிரியாகச் செய்ய முற்பட்டால், கிட் தரும் உடல் எதுவாக இருந்தாலும், இவற்றைத் தாமே அளந்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டிலும் கம்பியிலும் வெட்டி ஒட்ட வேண்டியதுதான். ஓட்டம் நின்ற வண்டிகள் சிலவேனும் ஏதேனும் கொட்டகையில் நிற்கும் இக்காலத்திலேயே அளவெடுத்துக் குறித்து வைப்பது, மாதிரி செய்யாதவருக்கும் கூடப் பிற்காலத்தில் பயன்படும். கையில் ஒரு நாடா, ஒரு குறிப்பேடு, துணைக்கு ஒரு சிறுவன், இவ்வளவு போதும். சாமான் சட்டத்துக் குழாயின் பருமனை மட்டும் மறவாமல் அளக்க வேண்டும். நினைவிலிருந்து செய்பவர் அதை எப்போதும் தடிப்பாகவே செய்துவிடுவார்.

முடித்த மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள், வெயில் நேரே படாத சுவரோரம் வைப்பது வழக்கம். பழைய கிட்களின் வினைல் டயர்களில் அவற்றை நெகிழச் செய்வதற்கெனச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து, பாலிஸ்டைரின் சக்கரத்தையே இளக்கிவிடும். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் சக்கரமும் டயரும் ஒன்றாக ஒட்டி உருகியிருக்கும். பழைய பெட்டி கையில் கிடைத்தால், சக்கரத்தின் வெளி வளையத்தில், டயர் வந்து அமரும் இடத்தில், மெல்லிய உலோகத் தாளைச் சுற்றிய பின் டயரை மாட்டுங்கள்.